இவாதோரா குனிந்து நிமிர்ந்த கதை

இவாதோராவுக்குள் நின்றால் ஹிராகி தோகுஜிக்கு உலகம் ஐந்து துளை அளவுதான். அந்த மிருக உடையின் கழுத்தில், செதில்களுக்கு நடுவே, குண்டூசித் தலையைவிடச் சற்றே பெரியதாக ஐந்து ஓட்டைகள் போட்டிருந்தார்கள். அவன் பார்ப்பதும் அவற்றின் வழியாகத்தான், மூச்சு விடுவதும் அவற்றின் வழியாகத்தான். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முயன்றால் கண்ணில் தூசி விழும். அதனால் முதலில் பார்ப்பான், பிறகு மூச்சு விடுவான், அதற்கப்புறம் நடப்பான். ஆறு வாரமாக அதுதான் வரிசை.

ஒலிம்பிக் முடிந்த அடுத்த கோடை அது. ஆகஸ்ட் பதினோராம் தேதி, புதன்கிழமை. தோக்கியோவில் வெளியே நின்றாலே சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும் வெயில். ஸ்டூடியோவுக்குள்ளோ சூரியனையே கூரையில் கட்டித் தொங்கவிட்டது மாதிரி விளக்குகள். உடையின் எடை அறுபது கிலோ. ரப்பர், பஞ்சு, மூங்கில், கம்பி எல்லாம் சேர்ந்து. ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் உடைகளுக்குப் பொறுப்பான கான்சோ, மிருகத்தின் காலைக் கவிழ்த்து உள்ளே தேங்கிய வியர்வையைக் கொட்டுவார். "இன்னிக்கு ரெண்டு டீ கப். நேத்து மூணு. உடம்புல சரக்கு தீந்துகிட்டு வருது போல" என்பார். அவர் பேச்சு அப்படித்தான். ஆனால் தோகுஜி வெளியே வந்ததும் பார்லித் தேநீரைக் கையில் கொடுத்து, விசிறியும் வீசிவிடுவார்.

தோகுஜிக்கு முப்பத்தாறு வயது. அதுவரை நாற்பது படங்களில் செத்திருக்கிறான். எல்லாம் வாள் சண்டைப் படங்கள். கதாநாயகன் ஒரு வீச்சு வீசுவான், ஐந்து பேர் விழுவார்கள், அதில் மூன்றாவது ஆள் இவன். எழுந்து நின்று நடிக்கக் கிடைத்த முதல் வேடம் இந்த மிருகம்தான். முகம் தெரியாது, பெயர்கூடத் திரையில் வருமா என்று தெரியாது. ஆனாலும் படம் முழுக்க ஜனங்கள் பார்க்கப்போவது அவனுடைய நடையை, அவனுடைய திரும்பலை. அந்த எண்ணத்தை வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று மனதுக்குள்ளேயே வைத்திருந்தான்.

கதை இதுதான். மலையில் சுரங்கப்பாதைக்கு வெடி வைக்கிறார்கள். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த இவாதோரா எழுந்து, கடலைத் தேடி ஷியோமி என்ற துறைமுக ஊர் வழியாக நடக்கிறது. இடையில் இருப்பதெல்லாம் நசுங்குகிறது.

அந்த ஷியோமி ஊரைக் கட்டியவள் நெமோட்டோ கிக்குவே. இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில் இடுப்புயரக் கட்டடங்கள், தந்திக் கம்பங்கள், மொட்டைமாடியில் காயும் போர்வைகள்வரை செய்திருந்தாள். அவளுக்குக் கீழே எட்டு ஆண்கள் வேலை செய்தார்கள். எட்டுப் பேரும் அவளைக் கண்டால் சிகரெட்டை அணைப்பார்கள். சுவருக்கான சுண்ணக் கலவையில் எவ்வளவு மரத்தூள் போட வேண்டும், சுவர் உட்பக்கம் ரம்பத்தால் எத்தனை கீறல் போட்டால் அது ஒரே அடியில் பொலபொலவென்று உதிரும் என்பதெல்லாம் அவள் விரலுக்குத் தெரியும். நாற்பத்து மூன்று நாள் கட்டியது நாற்பது நொடியில் போய்விடும். இரண்டாவது டேக் என்ற பேச்சே கிடையாது.

புதன்கிழமை உடைய வேண்டியது பல்பொருள் அங்காடி மட்டும். அதற்குப் பக்கத்தில் இருந்த தொடக்கப் பள்ளிக்கூடத்தைத் தொடக் கூடாது. மறுநாள் இவாதோரா அதன் ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப்பார்க்கும் காட்சி இருந்தது.

காமிரா மூன்று மடங்கு வேகத்தில் ஓடும். திரையில் காட்டும்போது எல்லாம் மெதுவாகி, அறுபது கிலோ அறுபதாயிரம் டன்னாகத் தெரியும். அதற்காக உள்ளே இருப்பவன் சாதாரணமாக நடந்தால் போதாது, விரைவாக அசைய வேண்டும். வெளியே கத்துவது அவன் காதில் விழாது. அதனால் 'கட்' என்பதற்குப் பதில், நீண்ட மரக்கோலால் தரையில் மூன்று தட்டு. அந்த அதிர்வு காலில் தெரியும். தட்டு விழும்வரை நீ இவாதோரா, விழுந்த பிறகுதான் தோகுஜி. முதல் நாளே வாத்தியார் சொல்லிக்கொடுத்த பாடம் அது. வாத்தியார் என்று எல்லோரும் கூப்பிட்டது தந்திரக் காட்சி இயக்குநர் ஓனுமாவை.

அங்காடி அருமையாக உடைந்தது. தோகுஜி இரண்டு கைகளையும் மூன்றாம் மாடிக்குள் விட்டு இழுத்தான். கட்டடம் நடுவில் மடிந்து, புழுதி மேலெழுந்து, பெயர்ப்பலகை சறுக்கி விழுந்தது. இனி பதினோரு அடி நடந்து வலப்பக்கம் திரும்ப வேண்டும். புழுதியில் ஒன்றும் தெரியாததால் எண்ணிக்கொண்டே நடந்தான். எங்கே பிசகினானோ, பன்னிரண்டாவது அடி வைத்துத் திரும்பினான். முழங்காலில் ஏதோ இடித்தது. இடித்தது என்றுகூடச் சொல்ல முடியாது, உரசியது. ஆனால் உரசினாலே உதிரும் சுண்ணத்தால் கட்டிய ஊர் அல்லவா. பள்ளிக்கூடம் மாடிப்படிப் பக்கமாகச் சாய்ந்து, ஓடுகள் ஒவ்வொன்றாக வழிய, அப்படியே உட்கார்ந்துவிட்டது.

புழுதி விலகியது. இடிபாட்டுக்குள், யார் கண்ணிலும் படாத இடத்தில், வரிசை வரிசையாகக் கட்டைவிரல் அளவு மேசைகள் போட்டிருந்தது தெரிந்தது. அதற்கு அப்பால், காமிராவுக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட பெட்டியின்மேல் தலையில் துண்டு கட்டி உட்கார்ந்திருந்தாள் கிக்குவே. அவள் கை மெல்ல எழுந்து வாயைப் பொத்தியது.

தோகுஜி யோசித்துச் செய்யவில்லை. கைகளைத் தொடையோடு ஒட்டினான், இடுப்பிலிருந்து வளைந்தான், குனிந்தான். ரயிலில் யார் காலையாவது மிதித்துவிட்டால் எப்படிக் குனிவானோ அப்படி. ஐம்பது மீட்டர் உயரமுள்ள இவாதோரா, முதுகில் ஒட்டியிருந்த பாறைகள் சலசலக்க, மூக்கு நடுத்தெருவைத் தொடும் அளவுக்குக் குனிந்து, ஒரு மூச்சு நேரம் அப்படியே நின்றது.

பிறகுதான் தரையில் மூன்று தட்டு விழுந்தது.

கான்சோ முதுகு ஜிப்பை இழுத்தார். தோகுஜி பாதி உடம்பு வெளியே, பாதி உள்ளே என்று நின்றான். வாத்தியார் பக்கத்தில் வந்தார். கத்துகிற ஆள் இல்லை அவர். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தண்ணித் தொட்டியில விழுந்து வாலைக் கிழிச்சது ஒண்ணு. பாலத்தை முன்னாடியே மிதிச்சது ரெண்டு. இன்னிக்கு?"

"மூணு, வாத்தியாரே."

"உன் இடத்துக்கு மேலிடத்துல ஏற்கெனவே ஒரு மல்யுத்தக்காரரைப் பாத்து வெச்சிருக்காங்க. நூத்திப் பத்து கிலோ. நான்தான் வேணாம்னு நிறுத்தி வெச்சிருந்தேன். இனிமே எந்த மூஞ்சிய வெச்சுகிட்டு நிறுத்தச் சொல்ற?" காமிராக்காரர் பக்கம் திரும்பினார். "தகுமா, ஓடிட்டு இருந்துதா?"

"கடைசி வரைக்கும் ஓடிச்சு வாத்தியாரே."

"நாளைக்குப் போட்டுப் பாப்போம்."

தோகுஜி நனைந்த உள்ளாடையோடு கிக்குவேயிடம் போனான். அவள் அதற்குள் முறத்தில் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நெமோட்டோ-சான், நான்..." என்று மரியாதையோடு தொடங்கினான்.

"பரவாயில்ல" என்றாள் நிமிர்ந்து பார்க்காமல். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. ஓடு மேல நிக்கிறீங்க."

மறுநாள் பிற்பகல் சின்னத் திரையறையில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்தார்கள். கிக்குவே வரவில்லை. அச்சுகள் கையில் இருந்ததால் புதுப் பள்ளிக்கூடத்துக்குச் சுவர் வார்க்கத் தொடங்கியிருந்தாள். தோகுஜி கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

திரையில் அங்காடி மெல்ல மெல்ல மடிந்தது. யாரோ "ஆஹா" என்றார். புழுதி மேகமாகச் சுருண்டது. மிருகம் திரும்பியது, பள்ளிக்கூடம் சரிந்தது. பிறகு அந்தக் குனிதல் வந்தது. நேரில் மூன்று நொடி இருந்தது, திரையில் ஒன்பது நொடி நீண்டது.

"ஐயையோ, மன்னிப்பு கேக்குதுடா!" என்று தகுமா தொடையில் தட்டிச் சிரித்தார். "ஊரை நசுக்கிட்டு, 'தெரியாம பட்டுடுச்சுங்க'ங்குது!" அறையே குலுங்கியது. கான்சோ கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அது அந்தக் காலத்து மிருகம்யா, வளர்ப்பு அப்படி" என்றார். தோகுஜிக்குக் காது மடல்வரை சூடேறியது. கதவு எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொண்டான்.

"இன்னொரு வாட்டி போடு" என்றார் வாத்தியார்.

இரண்டாவது முறை நாலைந்து பேர்தான் சிரித்தார்கள். மூன்றாவது முறை போடச் சொன்னார். அப்போது புரொஜக்டர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பெரிய தலை கீழே இறங்குகிறது. தப்பு செய்தது தனக்குத் தெரியும் என்பதுபோல் இறங்குகிறது. கூரையின் கடைசி ஓடு அதன் மூக்கருகே நழுவி விழுகிறது. அது அசையாமல் அப்படியே இருக்கிறது.

விளக்கைப் போட்டார்கள். வாத்தியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்தப் படத்துல மொத்தமா இந்த ஒன்பது நொடிதான் உருப்படி" என்றார். "ஆனா வெச்சுக்க முடியாது. இடது ஓரத்துல பாத்தீங்களா? விளக்குப் பையன் எவனோ, மரச்செருப்புக் காலு. ஷியோமி ஊர்ல ஆறு மீட்டர் நீளத்துக்குச் செருப்பு." இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. "ஹிராகி, திரும்ப எடுக்கணும். புதுப் பள்ளிக்கூடம் செவ்வாய்க்கிழமை ரெடி. இடிக்கணும், குனியணும். காலையிலேயே தனியா ஒரு வாட்டி பாத்துட்டு மேலிடத்துக்கு நான் போன் பண்ணிட்டேன். மூணாவது தப்பு தப்பில்ல, நடிப்புன்னு சொல்லிட்டேன். செவ்வாய்க்கிழமை அவங்களே வந்து பாக்குறாங்க. நீ குனிஞ்சா உடுப்பு உன்னோடது. குனியலேன்னா மல்யுத்தக்காரரோடது. எனக்கு வேற வழியில்ல."

குனிவதில் என்ன கஷ்டம் என்றுதான் தோகுஜி முதலில் நினைத்தான். பிறந்து நடக்கப் பழகினதிலிருந்து குனிகிறவன். ஒரு நாளைக்கு நூறு முறை குனிகிறான். வெள்ளிக்கிழமை ஒத்திகையில் உடை இல்லாமல் குனிந்து காட்டினான்.

"ஜவுளிக்கடை வாசல்ல வாங்க வாங்கன்னு நிக்கிறவன் மாதிரி இருக்கு" என்றார் வாத்தியார்.

இன்னும் தாழ்ந்து குனிந்தான்.

"இப்போ கடன் கேட்டு வந்தவன்."

மெதுவாகக் குனிந்தான். சாவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி இருந்ததாம். வேகமாகக் குனிந்தான். பள்ளிக்கூட உடற்பயிற்சியாம். சனிக்கிழமை உடையோடு செய்துபார்த்தார்கள். தகுமா காமிராவுக்குப் பின்னாலிருந்து தலையைத் தூக்கி, "ஹிராகி-சான், இது நல்ல குனிதல்தான். ஆனா புதன்கிழமை குனிஞ்சது நீங்க இல்லையே" என்றார். கேலியாக இல்லை, வருத்தமாகவே சொன்னார்.

ஓபோன் பண்டிகைக்கு நகரத்தில் பாதிப் பேர் சொந்த ஊருக்குப் போயிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கடைத்தெரு வெறிச்சென்று கிடந்தது. திறந்திருந்த ஒரே மிட்டாய்க் கடையில் ஒரு பெட்டி யோகன் என்ற பயற்று மிட்டாய் வாங்கிக்கொண்டான் தோகுஜி. தப்பு செய்தவன் கையை வீசிக்கொண்டு போக முடியாது. வார்த்தையோடு ஏதாவது இனிப்பும் போக வேண்டும். இதைப் புதன்கிழமையே செய்திருக்க வேண்டும். 'பரவாயில்ல' என்று அவள் சொன்னதைச் சாக்காக வைத்துக்கொண்டு நாலு நாள் தள்ளிவிட்டான்.

மாதிரிக் கட்டடப் பட்டறையில் கிக்குவே தனியாக இருந்தாள். ஆட்களை ஊருக்கு அனுப்பிவிட்டாள். மேசைமேல் புதுப் பள்ளிக்கூடம், கூரை போடாமல் நின்றது. அவள் அதற்குள் கையை விட்டு இடுக்கியால் எதையோ ஒட்டிக்கொண்டிருந்தாள்.

தோகுஜி வாசலிலேயே நின்று பெட்டியை இரண்டு கையாலும் நீட்டிக் குனிந்தான். "அன்னிக்கு நடந்ததுக்கு மன்னிச்சுக்கங்க."

அவள் திரும்பவில்லை. "எதுக்கு இதெல்லாம். இவாதோராவோட வாலைப் பிடிச்சு ஆட்டுற பசங்களுக்குக் குடுங்க, வெயில்ல காயறாங்க."

"உங்களுக்குன்னு வாங்கினது."

"ஹிராகி-சான்." இடுக்கியைக் கீழே வைத்தாள். முதுகு மட்டும்தான் பேசியது. "நீங்க குனிஞ்சதுல வாத்தியாருக்கு ஒரு காட்சி கெடச்சுது. தகுமாவுக்கு ஒரு சிரிப்பு கெடச்சுது. உங்களுக்கு உடுப்பு கெடைக்கலாம். எனக்கு என்ன கெடச்சுது? அதே பள்ளிக்கூடம், திரும்ப முதல்லேருந்து. முதல்ல கட்டினது நிக்கிறதுக்கு, அது விழுந்துடுச்சு. இது விழறதுக்குன்னே கட்டுறது. உள்ளே கீறல் போட்டுப் போட்டு மணிக்கட்டு வீங்கிப்போச்சு."

அவன் பார்வை மேசைமேல் இருந்த பள்ளிக்கூடத்துக்குப் போனது. பிறகு, சம்பந்தமில்லாமல் வாயில் வந்ததைச் சொன்னான்.

"உள்ளே மேசை இருந்துச்சு. நான் பாத்தேன். காமிராவுக்கு அது தெரியாதே, எதுக்குப் போட்டீங்க?"

இப்போது அவள் திரும்பினாள். கேள்வி அவளுக்குப் பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் இதுவரை யாரும் கேட்டதில்லை என்று முகத்தில் தெரிந்தது.

"காலி டப்பா விழுந்தா காலி டப்பா மாதிரிதான் விழும். உள்ளே சாமான் இருந்தாத்தான் வீடு விழற மாதிரி விழும். அவ்வளவுதான். வேற ஒண்ணுமில்ல." இடுக்கியை மறுபடி எடுத்தாள். "உங்க குனிதலும் அப்படித்தான் ஆயிருக்கும்னு நினைக்கிறேன். வாத்தியார் தலையில கைய வெச்சுகிட்டு உக்காந்திருந்தார் நேத்து."

"ஆமா. காலி டப்பா" என்றான் தோகுஜி. சிரிக்க முயன்றான், வரவில்லை. "வந்த வேடம் போயிடும் போலிருக்கு. போனா திரும்ப மூணாவது பிணம்தான். அது என் பாடு. அதுக்காக வந்து குனியல நான். அந்த மேசைங்களப் பாத்ததும் ஐயோன்னு ஆயிடுச்சு. அதை உங்ககிட்ட வாயால சொல்லல. சொல்லிடணும்னுதான் வந்தேன்."

யோகன் பெட்டியை வாசல் பலகையில் வைத்துவிட்டுப் போனான். 

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மேலிடத்திலிருந்து கோட்டு சூட்டு போட்ட மூவர் வந்து, சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்து கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டார்கள். மல்யுத்தக்காரரும் வந்திருந்தார். நல்ல மனிதர். தோகுஜியைப் பார்த்ததும் சங்கடப்பட்டு, "என்னைத் தப்பா எடுத்துக்காதீங்க, வரச் சொன்னாங்க" என்றார். கான்சோ முந்தின நாளே அவர் அளவுக்கு உடையின் இடுப்பைப் பிரித்துத் தளர்த்தியிருந்தார். தோகுஜி உள்ளே நுழைந்ததும் அந்தத் தளர்ச்சி தெரிந்தது. தன் வீட்டில் வேறொருவர் சாமான் இறக்கியது மாதிரி இருந்தது.

"ஒரே டேக்" என்றார் வாத்தியார், துளைகளுக்குப் பக்கத்தில் வாயை வைத்து. "நெனச்சுக் குனியாதே."

அது எப்படி என்று கேட்பதற்குள் ஜிப் மூடிவிட்டது.

விளக்குகள் எரிந்தன. தோகுஜி பார்த்தான், மூச்சு விட்டான், நடந்தான். அடிகளை எண்ணினான். பன்னிரண்டாவது அடியில், இந்த முறை வேண்டுமென்றே, முழங்காலைக் கொடுத்தான். பள்ளிக்கூடம் விழுந்தது. அப்பா, எப்படி விழுந்தது! மேல் மாடி கீழ் மாடிக்குள் இறங்கி, வராந்தா நெளிந்து, உள்ளேயிருந்து மேசைகள் வெள்ளமாகச் சரிந்து தெருவுக்கு வந்தன. வீடு விழுவது மாதிரிதான் விழுந்தது.

இனி குனிய வேண்டும். தோகுஜியின் கைகள் தொடைக்குப் போயின. நின்றுவிட்டன. இப்போது குனிந்தால் ஜவுளிக்கடை, இன்னும் தாழ்ந்தால் கடன்காரன், மெதுவாகக் குனிந்தால் சாவு வீடு. எல்லாக் குனிதலும் வரிசையில் நின்றன, ஒன்றும் அவனுடையதாக இல்லை. காமிரா ஓடிக்கொண்டிருந்தது. போச்சு என்று நினைத்தான். நாற்பத்தொன்றாவது சாவு.

அப்போது துளை வழியாகக் கிக்குவே தெரிந்தாள். காமிராவுக்குப் பக்கத்தில் பெட்டியிலிருந்து எழுந்து நின்றாள். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தாள். இரண்டு கைகளையும் முன்னால் சேர்த்து, இவாதோராவுக்கு நேராக, நிதானமாகக் குனிந்தாள்.

ஒருவர் குனிந்தால் மற்றவர் சும்மா நிற்க முடியுமா? தோகுஜியின் இடுப்பு அவனைக் கேட்காமலேயே வளைந்தது. தலை இறங்கியது, முதுகுப் பாறைகள் சரசரத்தன, மூக்கு மேசைகளின் மேல் வந்து நின்றது. எவ்வளவு நேரம் நின்றான் என்று அவனுக்குத் தெரியாது. நிமிர்ந்து பார்த்தால் அவள் இன்னும் குனிந்தபடியே இருந்தாள். அவள் குனிந்திருக்கும்போது தான் நிமிர்ந்து நிற்பதா என்று பதறி மறுபடியும் குனிந்தான். அதே நேரத்தில் அவள் நிமிர்ந்திருக்கிறாள். அவன் குனிந்திருப்பதைக் கண்டு அவளும் மறுபடி குனிந்தாள்.

கோல் வாத்தியார் கையில்தான் இருந்தது. அவர் தட்டவில்லை. சூட்டு ஆட்களில் ஒருவர், யாரும் கேட்காமலேயே, நாற்காலியில் உட்கார்ந்தபடி லேசாகத் தலையைத் தாழ்த்தினார். கடைசியில் தகுமாவின் காமிராவில் ஃபிலிம் தீர்ந்து, அறுந்த முனை படபடவென்று அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்ட பிறகுதான் வாத்தியாருக்குச் சுயநினைவு வந்தது. டொக், டொக், டொக்.

கான்சோ ஜிப்பை இறக்கினார். தோகுஜி கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தான். வாத்தியார் அவனைத் தாண்டி நடந்தார். சூட்டு ஆட்களிடம் போய் இரண்டு வார்த்தை பேசினார், அவர்கள் தலையாட்டினார்கள். திரும்பும் வழியில், "கான்சோ, நேத்து இடுப்பைத் தளத்தி வெச்சியே, அதைப் பழையபடி பிடிச்சுத் தைச்சுடு. நடக்கும்போது மடிப்பு விழுது" என்றார்.

"நான் அப்பவே சொன்னேன், யாரு கேட்டா" என்றார் கான்சோ. அவர் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை.

மல்யுத்தக்காரர் ஓடிவந்து தோகுஜியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "தப்பிச்சேன்யா. உள்ளே ஒரு தடவை நுழைஞ்சு பாத்தேன், மூச்சு முட்டிடுச்சு" என்று காதோடு சொல்லிவிட்டு, வெளியே காற்றாட நடந்தார்.

கிக்குவே துண்டை மறுபடி தலையில் கட்டி, இடிபாட்டைக் கூட்டத் தொடங்கியிருந்தாள். தோகுஜி ஈரம் சொட்டச் சொட்ட அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து முறத்தைப் பிடித்தான். இந்த முறை அவள் தள்ளி நிற்கச் சொல்லவில்லை.

"ஏன் ரெண்டாவது தரம் குனிஞ்சீங்க?" என்று கேட்டாள். "ஒண்ணு போதும்ல? ஃபிலிம் எவ்வளவு வீணாச்சு பாருங்க."

"நீங்க நிமிரவே இல்லையே."

"நீங்க நிமிருவீங்கன்னுதான் நான் நிமிரல."

"நீங்க முதல்ல குனிஞ்சீங்க, நீங்கதானே முதல்ல நிமிரணும்?"

"எந்த ஊர் வழக்கம் அது? இடிச்சவர் யாரு? நானா?" என்றபடி முறத்தில் அள்ளிப் போட்டாள். அதைத் தூக்கிக்கொண்டு அவன் எழுந்தான்.